மெதுவான படகுதான் கரை சேர்ந்தது

பாய்மரப் படகு என்றதும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு வேகமாகப் போகும்?" என்பதுதான். மென்பொருள் கேட்டு வருபவர்களும் என்னிடம் அதைத்தான் முதலில் கேட்பார்கள். நெடுந்தூரம் போகவேண்டிய எதற்கும் அது முதல் கேள்வியாக இருக்கக்கூடாது என்பது என் கருத்து. அதற்கு ஒரு நல்ல சாட்சி 'சுஹைலி' என்ற சின்னப் படகு.

1968இல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை ஒரு போட்டி வைத்தது. தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிவர வேண்டும். 9 பேர் புறப்பட்டார்கள். முடித்தவர் ஒருவர்தான்: லண்டன் பட்னியில் பிறந்த ரொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டன். ஃபால்மத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, 312 நாட்களுக்குப் பிறகு 1969 ஏப்ரல் 22 அன்று அங்கேயே திரும்பி வந்தார்.

அவர் போன சுஹைலி மும்பையில் கட்டப்பட்டது. இந்தியத் தச்சர்கள் தேக்கு மரத்தில், பெரும்பாலும் கைக்கருவிகளால் கட்டினார்கள். 32 அடி நீளம், ஏறத்தாழ 10 தொன் எடை, இரண்டு பாய்மரம். வடிவம் அப்போதே பழையது. நோர்வே உயிர்காப்புப் படகுகளைப் பின்பற்றி, அமெரிக்கரான வில்லியம் அட்கின் 1920களில் வரைந்தது.

இப்படி ஒரு படகு ஏன் வேகமாகப் போகாது? ஓடும் படகு தன் முன்னால் ஒரு அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீள்கிறது. அது படகின் நீளத்தை எட்டியதும், படகு தான் எழுப்பிய அலையிலேயே ஏறவேண்டி வருகிறது. கனமான படகால் அது முடியாது. கணக்கு எளிது: நீர்மட்டத்தில் உள்ள நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள். சுஹைலிக்கு அது ஏறத்தாழ 28 அடி. விடை மணிக்கு 7 கடல்மைல். முழுப் பயணத்தின் சராசரியோ 4 கடல்மைல்தான். லண்டனில் சைக்கிளில் போகிறவர் இதைவிட வேகமாகப் போவார்.

போட்டியில் வேகமான படகுகளும் இருந்தன. அவற்றில் சில மூன்று உடல் கொண்ட 'ட்ரைமரான்'கள். அந்தச் சொல்லின் வேர் எங்கள் கட்டுமரம். நைஜல் டெட்லியின் ட்ரைமரான் தென்கடலைத் தாண்டி, முடிவை நெருங்கும்போது அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே உடைந்து மூழ்கியது. அவர் உயிர் தப்பினார். டொனால்ட் குரோஹர்ஸ்ட் அரைகுறையாக முடிந்த ட்ரைமரானில் புறப்பட்டு, தென்கடலுக்குப் போகத் துணியாமல் பொய்யான இடங்களை அறிவித்தார். அவருடைய படகு ஆளில்லாமல்தான் கிடைத்தது.

வேகம் என்றாலே ஆபத்து என்று நான் சொல்லவில்லை. பெர்னார்ட் மொய்டெசியேயின் எஃகுப் படகு சுஹைலியைவிட வேகமானது, அது உடையவும் இல்லை. அவரே மனம் மாறிப் போட்டியை விட்டுப் போனார். ஆனால் அதுவும் கனமான, நீண்ட அடிக்கட்டை கொண்ட படகுதான்.

அந்த அடிக்கட்டையில்தான் விஷயம் இருக்கிறது. சுஹைலியின் தானியங்கிச் சுக்கான் கருவி பாதி வழியில் உடைந்துபோனது. பாய்களைச் சமன்செய்து, சுக்கானைக் கட்டிவிட்டு அவர் தூங்கினார். படகு தன் திசையிலேயே போனது. அலை அடித்துச் சாய்த்தபோது அடிப்பாரம் அதை நிமிர்த்தியது. பலகை இடுக்கால் தண்ணீர் வந்தபோது அவரே கடலில் குதித்துப் பஞ்சுத் திரியால் அடைத்தார்.

ஆகவே நான் கேட்கும் கேள்விகள் மூன்று. கைவிட்டால் நேராகப் போகுமா? சாய்ந்தால் நிமிருமா? உடைந்தால் கையில் இருப்பதை வைத்துத் திருத்தலாமா? படகு வாங்கினாலும், மென்பொருள் எழுதினாலும், வேகத்தை இவற்றுக்குப் பிறகு கேளுங்கள்.

இன்னொன்று. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை பாய்விரித்துப் போனது. அதன் படத்தைப் பகிர்ந்து பெருமைப்படுகிறோம். அதன் அடிக்கட்டை எப்படி இருந்தது, பாரம் எங்கே வைத்தார்கள் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பாயைக் கையால் பிடித்துப் பார்த்தால் அந்தக் கேள்விகள் தானாக வரும். லண்டன் டொக்லாண்ட்ஸிலேயே பாய்மரப் படகு பழக இடம் இருக்கிறது. இந்தக் கோடையில் ஒருநாள் போய்ப் பாருங்கள்.