பொறியியல், கணினிப் பாடங்களில் அணுகல்தன்மையைக் கட்டாயப் பகுதியாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர்,
மாற்றுத்திறனாளி பட்டதாரிகள் சங்கத்தின் சார்பில்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
உயர்கல்வித் துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: இணையதளம், செயலி, மென்பொருள் உருவாக்கக் கற்கும் மாணவர்களுக்கு, அவற்றை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வடிவமைக்கப் பயிற்சி அளிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 47.
2. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நாள் 30.04.2025.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் உறுப்பினர்களில் பார்வையற்றோர், காது கேளாதோர், கை இயக்கத்தில் சிரமம் உள்ளோர் எனப் பலரும் உண்டு. பார்வையற்றவர்களில் பெரும்பாலோர் கணினியில் வேலை பார்ப்பது, திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைக் கொண்டு. பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் இருவர் உருவாக்கி இலவசமாகக் கொடுத்த மென்பொருள் அது. கருவிக்குக் குறைவில்லை. அந்தக் கருவியால் படிக்க முடிகிற தளங்கள்தான் குறைவு.

தேர்வுக் கட்டணம் கட்டும் பக்கம் ஒன்றைச் சொல்கிறோம். டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால் திரைவாசிப்பான் ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்கிறது. எது சமர்ப்பிப்பதற்கு, எது ரத்து செய்வதற்கு என்று தெரியாது. பிறந்த தேதியைத் தட்டச்சு செய்ய வழியில்லை. நாள்காட்டியில் மவுஸால் சொடுக்க வேண்டும். ஏதாவது விடுபட்டால் கட்டம் சிவப்பாகும், என்ன தவறு என்று ஒரு வரிகூட வராது. இவ்வளவையும் தாண்டினால் கடைசியில் படமாக ஒரு கேப்ட்சா. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட வேண்டியதுதான். கடவுச்சொல்லும் ஓடிபியும் அவர் கைக்குப் போகும்.

பட்டனுக்குப் பெயர் வைக்க ஒரு வரி நிரல் போதும். அந்தப் பக்கத்தை எழுதியவர் வேண்டுமென்றே எங்களை வெளியே நிறுத்தியவர் அல்லர். நான்கு ஆண்டு பி.இ. படித்து முடித்த அவருக்கு இப்படி ஒரு பயனர் இருப்பார் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காமல் விட்டால், ஆங்கிலக் குரலில் இருக்கும் திரைவாசிப்பான் தமிழ் வரிகளைப் பல நேரம் வாசிக்காமலே தாண்டிவிடும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாக ஒலிக்கின்றன. யூனிகோடைத் தமிழ்நாடு அரசு ஏற்றது 2010இல். ஆனாலும் சுற்றறிக்கைகள் ஸ்கேன் செய்த படமாகவே இன்றும் வருகின்றன. வெளிநாட்டுப் பாடநூல்களில் இதற்கெல்லாம் விடை இருக்காது. தமிழ்நாட்டு வகுப்பறையில்தான் கற்பிக்க வேண்டும்.

நாங்கள் கேட்பது சலுகை அல்ல. மேற்படி சட்டத்தின் 47ஆம் பிரிவு, பொறியாளர்கள் உள்ளிட்ட தொழில்முறைப் படிப்புகளில் ஊனம் பற்றிய பாடக்கூறைச் சேர்க்கும் பொறுப்பை அரசின்மேல் வைத்திருக்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19. பார்வையில் 2ஆகக் காட்டியுள்ள தீர்ப்பு, கேஒய்சி எனப்படும் இணையவழி வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு பற்றியது. ‘கண்ணைச் சிமிட்டு’ என்று கேமரா கேட்டால், அமில வீச்சில் இமைகள் சிதைந்தவர் என்ன செய்வார்? டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது. அந்தச் செயலிகளைத் திருத்தி எழுதப்போகிறவர்கள் இன்று கல்லூரியில் இருக்கும் மாணவர்களே.

எங்கள் முதன்மையான கோரிக்கை, அணுகல்தன்மையைத் தனிப் பாடமாக ஒதுக்கிவைக்க வேண்டாம் என்பது. விருப்பப் பாடமானால் ஏற்கெனவே அக்கறை உள்ள சிலர் மட்டுமே சேர்வார்கள். மதிப்பெண் சேராத பாடமானால் நிலைமை என்னவென்று தங்களுக்கே தெரியும். வலைத் தொழில்நுட்பம், மென்பொருள் பொறியியல், செயலி உருவாக்கம் ஆகிய பாடங்களுக்குள்ளேயே அது இருக்க வேண்டும். ஆய்வகத் தேர்விலும் மதிப்பெண் வேண்டும். மாணவர் தாம் எழுதிய பக்கத்தை மவுஸைத் தொடாமலும், பிறகு திரையை அணைத்துவிட்டு என்விடிஏ மூலமும் இயக்கிக் காட்டட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 நிறவேறுபாடு, காணொலிக்கு எழுத்துவரி, படத்துக்கு விளக்கம் ஆகியவற்றுக்கு வலை அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறையும் ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரநிலையும் இருக்கின்றன. புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை.

இறுதியாண்டு புராஜெக்ட் பற்றியும் சொல்ல வேண்டும். பார்வையற்றோருக்கென்று சென்சார் பொருத்திய ‘ஸ்மார்ட் குச்சி’ செய்யாத கல்லூரி அரிது. பரிசும் கிடைக்கும், செய்தித்தாளில் படமும் வரும். குச்சியை யாரும் தெருவுக்கு எடுத்துப் போவதில்லை. அக்கறையோடு செய்பவர்கள்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் என்ன வேண்டும் என்று எங்களிடம் முதலில் கேட்டிருந்தால், பேருந்து முன்பதிவுச் செயலியில் இருக்கை எண்ணை வாசிக்கச் செய்யுங்கள் என்றிருப்போம். ஐஐடி மெட்ராஸில் சக்கர நாற்காலிகளை உருவாக்கும் மையம் பயனர்களை உடன்வைத்துச் சோதித்தே வடிவமைக்கிறது. அந்த முறை எல்லாக் கல்லூரிகளுக்கும் வர வேண்டும். ஆகவே புராஜெக்ட் மதிப்பீட்டில் மாற்றுத்திறனாளி பட்டதாரிகளை வெளி மதிப்பீட்டாளர்களாக அமர்த்துங்கள். மற்ற மதிப்பீட்டாளர்களுக்கு உள்ள மதிப்பூதியமும் பயணப்படியும் இவர்களுக்கும் வேண்டும். சால்வையும் நன்றியும் ஊதியம் ஆகாது.

ஆசிரியர்களுக்கு முதலில் பயிற்சி தராமல் இவை எதுவும் நடக்காது. கோடை விடுமுறைப் பயிற்சி முகாம்களில் இதைச் சேர்க்கலாம். மாணவர்களின் திறன் மேம்பாட்டுக்கான ‘நான் முதல்வன்’ திட்டத்திலும் இதற்கென ஒரு பயிற்சி வேண்டும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளமும் தேர்வு மென்பொருளும் இதே தரத்துக்கு வர வேண்டும். அந்தத் தணிக்கையை மாணவர்களுக்கே ஆய்வகப் பணியாகக் கொடுத்தால் செலவும் மிச்சம்.

அடுத்த பாடத்திட்டத் திருத்தக் கூட்டத்தில் எங்கள் பிரதிநிதிகள் இருவருக்கு இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒருவர் காது கேளாதவர் என்பதால் சைகைமொழிப் பெயர்ப்பாளர் தேவைப்படுவார். கூட்ட அழைப்பையும் வரைவுப் பாடத்திட்டத்தையும் யூனிகோடு எழுத்துக் கோப்பாக ஒரு வாரம் முன்னதாக அனுப்பினால் படித்துவிட்டு வருவோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்.

நகல்:
1. பதிவாளர், அண்ணா பல்கலைக்கழகம், சென்னை.
2. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, சென்னை.