பெயர் ஊருடையது, வேர் எவருடையது?

தமிழாசிரியனுக்கும் பிரெஞ்சு ஒயினுக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சுவையைவிட, அதற்குப் பெயரிடும் முறையே என்னை ஈர்க்கிறது. பிரெஞ்சு ஒயின்களுள் புகழ்பெற்றவை பெரும்பாலும் திராட்சையின் பெயரால் அன்றி ஊரின் பெயராலேயே அறியப்படுகின்றன. சிவப்புப் பர்கண்டி என்றால் பினோ நுவார், ஷாப்லி என்றால் ஷார்தொனே என்பதை நாமே அறிந்திருக்க வேண்டும். போர்தோவில் இடக்கரையின் சரளை மண்ணில் கபெர்னே சோவின்யோனும், வலக்கரையின் களிமண்ணில் மெர்லோவும் மேலோங்குகின்றன. அல்சாஸ் விதிவிலக்கு; அங்கே புட்டியின் மீது ரீஸ்லிங் என்று திராட்சையின் பெயரே நிற்கும்.

எந்த ஊரில் எந்தத் திராட்சை என்பதை 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விதிகள் வரையறுக்கின்றன. இன்று வெப்பம் கூட, மெர்லோ விரைவில் பழுக்கிறது. சர்க்கரை மிகுந்து ஒயினில் ஆல்கஹாலும் ஏறுகிறது. எனவே 2021இல் போர்தோவுக்கு ஆறு புதிய வகைகள் அனுமதிக்கப்பட்டன. போர்ச்சுகலின் தூரிகா நாசியோனால் அவற்றுள் ஒன்று. தோட்டப் பரப்பில் 5 விழுக்காடு, கலவையில் 10 விழுக்காடு என்பது வரம்பு.

இதனால் மரபு குலைகிறது என்று வருந்துவோரிடம், எந்த மரபு என்று கேட்கத் தோன்றுகிறது. 1395இல் பர்கண்டியின் கோமகன் துணிந்த பிலிப், கமே திராட்சையை விலக்க ஆணையிட்டார். பினோவின் ஆட்சியில் மண்ணுக்கு மட்டுமல்ல, அரசாணைக்கும் பங்குண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபைலோக்செரா என்னும் பூச்சி வேர்களை அழித்தபோது, அமெரிக்கக் கொடிகளின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டியே பிரெஞ்சுத் தோட்டங்கள் பிழைத்தன. அந்த அழிவுக்குப் பின் கார்மெனேர் போர்தோவிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. 1956இன் கடும் உறைபனிக்குப் பின் மால்பெக்கும் அங்கே அருகியது. தூய்மை என்று நாம் போற்றுவது, பல இழப்புகளுக்குப் பின் எஞ்சியதையே.

ஆகவே புதிய திராட்சை வருவதில் எனக்கு மறுப்பில்லை. மறுப்பு வேறிடத்தில் உள்ளது. புதிய வகைகளின் பெயரைப் புட்டியின் முகப்புச்சீட்டில் குறிக்கக் கூடாதாம். அளவு சிறிதுதானே என்பர். சிறிதோ பெரிதோ, ஊரின் பெயரைக் காக்க வந்த விருந்தாளியின் பெயரை மறைப்பது அறமாகாது. மரபு மாறலாம், மாறியதை மறைத்து மரபு என்று விற்கலாகாது. இது ஒயினுக்கு மட்டுமே உரிய நியாயம் அன்று என்பதை இலக்கிய வாசகர்க்குச் சொல்லவும் வேண்டுமோ?