ஸ்டியரிங்கைத் துடைத்தது போதும்



வடகிழக்குப் பருவமழைக்கு முன் காரை ஒருமுறை காட்டிவிடலாம் என்று ஒர்க்‌ஷாப் பக்கம் எல்லோரும் ஒதுங்குகிற நேரம் இது. பில்லைக் கையில் வாங்கியதும் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “கிருமி நீக்கம்னு தனியா ஒரு தொகை போட்டிருக்காங்களே, அது அவசியமா?”

அந்த வரி பல பில்களுக்குள் வந்து உட்கார்ந்தது 2020-ல். மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கி, வாசலில் நின்ற கார்களெல்லாம் பேட்டரி இறங்கிக் கிடந்தன. சர்வீஸ் சென்டர்கள் திறந்தபோது சீட்டுக்கு உறை, ஸ்டியரிங்குக்கு உறை, சாவிக்கு சானிடைசர் குளியல், உள்ளே புகை என்று ஒரு சடங்கே உருவாகியிருந்தது. அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. கொரோனா வைரஸ் பிளாஸ்டிக்கிலும் ஸ்டீலிலும் மூன்று நாள் வரை தாக்குப்பிடிக்கிறது என்று அமெரிக்க ஆய்வுக்கூடச் சோதனை ஒன்று அந்த மார்ச்சில்தான் சொல்லியிருந்தது. காருக்குள் கை படும் இடமெல்லாம் பிளாஸ்டிக்தானே! ஆனால், 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வேறு கணக்கைச் சொன்னது. வைரஸ் பட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. கணக்கு மாறியது; பில் மாறவில்லை.

புகைக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்பதே என் கட்சி. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி போதும். பிளீச்சிங் சீட்டை வெளுத்துவிடும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் டச் ஸ்கிரீனின் பூச்சைக் கெடுக்கும்.

கவனிக்க வேண்டியது காற்று. ‘ஏதோ சத்தம் வருது’ என்று வண்டியை விட்டால் மெக்கானிக் என்ன செய்வார்? சத்தம் காதில் விழ வேண்டும் என்பதற்காகக் கண்ணாடி நான்கையும் ஏற்றி, ஏ.சி.யையும் புளோயரையும் அணைத்துவிட்டு, உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு போவார். ஃப்ளூ பரவும் மாதங்களில் இதைவிட நல்ல ஏற்பாடு கிருமிக்குக் கிடைக்காது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓடும் காருக்குள் காற்று எப்படிச் சுற்றுகிறது என்று கணினியில் கணக்கிட்டு 2021 வாக்கில் வெளியிட்டார்கள். வேகம் மணிக்கு சுமார் 80 கி.மீ.; காரில் டிரைவரும், அவருக்கு மூலைவிட்டமாகப் பின் சீட்டில் ஒருவரும். நான்கு கண்ணாடியும் இறங்கியிருந்தால் உத்தமம். இரண்டுதான் முடியும் என்றால், அவரவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்குவதைவிட எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியை இறக்குவது நல்லது என்று தெரிந்தது. நம் ஊர் வண்டியில், மெக்கானிக் ஓட்ட நீங்கள் பின்னால் இடப்பக்கம் உட்கார்ந்தால், முன் இடது கண்ணாடியும் பின் வலது கண்ணாடியும் இறங்கியிருக்க வேண்டும். சத்தம் எங்கே என்று பிடிபட்டதும் இறக்கிவிடுங்கள். உங்களுக்கே காய்ச்சல் என்றால் சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டு, வியாதியைப் போனில் சொல்லிவிடலாம். வண்டியின் வியாதியைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது, யாரும் நினைத்தே பார்க்காத வைப்பர் தண்ணீர் டேங்க். 1976-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்கு வந்தவர்களைக் கொத்தாகத் தாக்கிய நிமோனியாவுக்குக் காரணம் லீஜனெல்லா என்ற பாக்டீரியா. தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும். நீர்த்திவலையோடு மூச்சில் ஏறும். இங்கிலாந்து, வேல்ஸில் அங்கங்கே தனித்தனியாக வந்த இந்த நிமோனியாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, ஸ்கிரீன்வாஷ் கலக்காத வெறும் தண்ணீரால் வந்திருக்கலாம் என்று 2010-ல் அந்நாட்டுச் சுகாதார ஆய்வு மதிப்பிட்டது. 20 முதல் 45 டிகிரி வரை இந்தக் கிருமிக்குச் சுகமான சூடு. அந்தக் குளிர் தேசத்திலேயே அப்படியென்றால், நம் பானெட்டுக்கு அடியில் வருஷம் முழுக்க அதே சூடு. நாமோ குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டு மறந்துவிடுகிறோம். சர்வீஸின்போது பழைய தண்ணீரை வடித்துவிட்டு ஸ்கிரீன்வாஷ் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். வயதானவர்களும் புகைப்பவர்களும் ஏறும் வண்டி என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

இதுவரை பேசியது பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றிக்கொள்ள. உண்மையில் ஒர்க்‌ஷாப்பில் அதிக ஆபத்தில் இருப்பவர் வண்டிக்குக் கீழே படுத்திருப்பவர். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மறுபடி சென்னையிலும் பின்னர் தூத்துக்குடி, நெல்லையிலும் வெள்ளத்தில் நின்ற கார்களை நினைத்துப் பாருங்கள். சீட்டைக் கழற்றி, தரைவிரிப்பை உரித்து, அடியில் தேங்கிய சாக்கடைத் தண்ணீரை வழித்தெடுத்தது அவர்கள் கை. பெட்ரோலில் கழுவிக் கழுவி வெடித்த கை. தகரம் கீறிய கை. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி உடம்புக்குள் போக அந்த வெடிப்பு போதும். கீறல் பட்டால் ‘டி.டி. போட்டாச்சு, ஒண்ணும் ஆகாது’ என்பார்கள். அந்த ஊசி ரண ஜன்னிக்கு. எலிக்காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓரிரு வாரத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், எந்தத் தண்ணீரில் வேலை செய்தோம் என்பதை டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் வண்டியை விடுகிற நாம் அது எந்தத் தண்ணீர் என்று மெக்கானிக்கிடம் சொல்கிறோமா? தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது, மழைத் தண்ணீரா சாக்கடையா என்பதை ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் பயத்தில் பலர் இதை மறைக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது இன்னொருவர் உடம்பு. எலி கூடு கட்டியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஏ.சி. ஃபில்டர் பெட்டியில் எலிப்புழுக்கை கிடக்கும்போது கம்ப்ரஸர் காற்றைப் பிடித்தால் அத்தனையும் முகத்தில்தான் வரும். கிருமிநாசினி தெளித்து ஈரமாக்கி, பனியன் வேஸ்ட்டால் அள்ளிவிட்டு, பிறகு காற்றடிக்கட்டும்.

கிருமி நீக்கத்தை பில்லிலிருந்து எடுக்கச் சொன்னால் கொஞ்சம் மிச்சமாகும். அதில் நைட்ரில் கையுறை வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள். ‘மெல்லிசு கையுறை நட்டு பிடிக்க வராது சார்’ என்று சீனியர் மெக்கானிக்குகள் சிரிப்பார்கள். நட்டு பிடிக்க வேண்டாம் அண்ணே, அந்தத் தரைவிரிப்பை உரிக்கும்போதாவது மாட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்