நாரைக் கொடுங்கள், மரத்தைக் கொடுக்காதீர்கள்

தார் வெட்டிய வாழை மரங்களை அப்புறப்படுத்த நீங்கள் கூலி கொடுக்கிறீர்கள். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "நார் எடுக்க வேண்டும், நாங்களே வெட்டி லாரியில் ஏற்றிக்கொள்கிறோம்" என்றால் செலவு மிச்சம் என்றுதான் தோன்றும். சம்மதிக்காதீர்கள். வாழைநார் நல்ல தொழில்தான். மரம் முழுதாக வயலைவிட்டுப் போவதுதான் தவறு.

மரத்தின் எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். 100 கிலோ பச்சை மரத்தில் காய்ந்த நார் ஒன்று, ஒன்றரை கிலோதான் தேறும். கயிறு, பை, காகிதம், துணி எல்லாவற்றுக்கும் பயன்படுவது அந்த ஒன்றரை கிலோதான். மீதித் தண்ணீரைச் சுமக்கும் லாரி வாடகை, உங்களுக்கு வரவேண்டிய விலையில்தான் கழியும்.

அதைவிடப் பெரிய இழப்பு சாம்பல் சத்து. வாழை மண்ணிலிருந்து அதிகம் எடுப்பது அதைத்தான். நீங்கள் வைத்த பொட்டாஷில் கணிசமான பங்கு மரத்திலேயே இருக்கிறது. நம் நாட்டுக்கு வேண்டிய பொட்டாஷ் ஏறக்குறைய முழுவதும் இறக்குமதி. காசு கொடுத்து வாங்கிய உரத்தை இலவசமாக லாரி ஏற்றுவானேன்?

நாரில் இந்தச் சத்து சொற்பம். சாற்றிலும் சக்கையிலும்தான் இருக்கிறது. எனவே நார் உரிக்கும் இயந்திரம் வரப்புக்கு வரட்டும். மரத்தை வெட்டிய ஓரிரு நாளில் மட்டைகளை உரித்து ஓட்டிவிட வேண்டும். தாமதித்தால் நார் பழுப்பேறும். வெளிமட்டை நார் முரடு, உள்மட்டை நார் மென்மை. கலக்காமல் தனித்தனிக் கட்டாகக் கட்டுங்கள். சக்கையைச் சாணத்தோடு மட்கவைத்து அதே வயலில் போடுங்கள்.

மறுதாம்பு விடுபவர்கள் அவசரப்பட வேண்டாம். தாய் மரத்தின் சத்து பக்கக்கன்றுக்கு இறங்க வேண்டும். தோட்டத்தை அழிக்கும் ஆண்டில் நார் எடுப்பதே சரி. வாடல் நோய் கண்ட தோட்டத்துக்குள் இயந்திரத்தை விடவே கூடாது. ஒட்டிவரும் மண்ணே அடுத்த தோட்டத்துக்கு நோயைக் கொண்டுபோகும்.

தனி ஒருவர் இயந்திரம் வாங்கினால் ஆண்டில் பாதி நாள் சும்மா நிற்கும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வாங்கி வாடகைக்கு விடலாம். விரிவாக்க அலுவலர்கள் மானியம் பற்றிப் பேசுவதற்கு முன், நாரை யார் வாங்குவார், என்ன நீளம், என்ன நிறம், கிலோ என்ன விலை என்று எழுத்தில் வாங்கித் தாருங்கள். ஏக்கருக்கு 1,000 மரம், மரம் 20 கிலோ என்று வைத்தால் நார் 200 கிலோ, மிஞ்சினால் 300. கூலியும் டீசலும் போக அந்த விலையில் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.