வயிற்றுக்குள் விழுந்த ஓட்டை

முட்டி வலி வந்தால் நம்மில் பலர் டாக்டரிடம் போவதில்லை. பையனை மருந்துக் கடைக்கு அனுப்பி, "போன தடவை கொடுத்தீங்களே, அதே மாத்திரை" என்று வாங்கிவரச் சொல்லி விழுங்கிவிடுகிறோம். என் மூத்த ஓரகத்தியும் எட்டு மாதமாக அப்படித்தான், காலையில் வெறும் வயிற்றில் காபியோடு போட்டு வந்தார்.

ஒருநாள் விடியற்காலையில், "கத்தியால குத்தின மாதிரி இருக்குடி" என்று மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாயுதான் என்று மாமியார் ஓமத் தண்ணீர் போட எழுந்தார். வாயு வலி என்றால் மனுஷி புரளுவாள், நெளிவாள். அக்காவோ அசையவே பயந்தார். தோள்பட்டையிலும் வலி என்றார். தொட்டுப் பார்த்தால் வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது. உடனே ஆட்டோ பிடித்துவிட்டோம்.

ஆஸ்பத்திரியில் நிற்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈரலுக்கு மேலே பிறை போல ஒரு கருப்புக் கோடு. "இது குடலுக்குள்ள இருக்க வேண்டிய காத்தும்மா. வெளியே வந்திருக்கு. அல்சர் ஓட்டையாயிடுச்சு, உடனே ஆபரேஷன்" என்றார் டாக்டர்.

டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே ஜாதி மாத்திரைகள். வலியைக் குறைப்பதோடு, இரைப்பைச் சுவரைக் காக்கும் வழவழப்பையும் குறைத்துவிடும். பிறகு அமிலம் சுவரையே அரிக்கிறது.

வயிற்றையே வெட்டி எடுப்பார்களோ என்று அக்காவின் மகள் அழுதாள். அப்படியில்லை. குடலுக்கு முன்னால் கொழுப்பாலான ஒரு திரை, ஏப்ரன் மாதிரி தொங்குகிறது. அதன் ஒரு பகுதியை இழுத்து ஓட்டைமேல் வைத்து, மூன்று நான்கு தையலால் கட்டிவிடுகிறார்கள். ரணமான சுவரை இழுத்துத் தைத்தால் கிழியும். இந்தத் திரையோ தானே பற்றிக்கொள்ளும். கனடாவில் டொரண்டோ நகரத்து டாக்டர் ராஸ்கோ கிரஹாம் 1937-ல் எழுதிய முறை, இன்றும் அவர் பேரில்தான் வழங்குகிறது.

ஒட்டுப் போடுவதைவிட வயிற்றைக் கழுவுவதுதான் பெரிய வேலையாம். சிந்தின அமிலமும் பித்தநீரும் சாப்பாடும் உள்ளே பரவிக் கிடக்கும். லிட்டர் லிட்டராக உப்பு நீர் விட்டு அலசுகிறார்கள். தாமதமானால் சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறிவிடும். சிலருக்குச் சில மணி நேரம் கழித்து வலி குறைந்த மாதிரி இருக்குமாம். அதை நம்பி வீட்டிலேயே படுத்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் ஓமத் தண்ணீர், சோடா, காபி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அதுவும் ஓட்டை வழியே வெளியே கசியும்.

"காரம் தின்னு தின்னுதான் இப்படி" என்று பார்க்க வந்த உறவுக்காரர்கள் அக்காவின் மிளகாய் வற்றலைத்தான் வைதார்கள், பாவம்! அல்சருக்கு இந்த மாத்திரைகளை விட்டால் முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அதைக் கண்டுபிடித்ததற்காக ஆஸ்திரேலிய டாக்டர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-ல் நோபல் பரிசே வாங்கினார்கள். அக்காவுக்கும் அதற்குப் பரிசோதனை செய்து, 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள்.

யாருக்காவது இப்படித் திடீரென்று வலித்தால், அவர் சாப்பிட்டுவந்த மாத்திரையின் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள், காலி அட்டையானாலும் சரி. எங்களிடம் டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான்.