கேஸ் தீர்ந்துபோவதில்லை

"கேஸ் தீந்துபோச்சுண்ணே. அடிச்சு விட்டா சரியாயிடும்."

"போன சித்திரையிலதானப்பா அடிச்சே?"

"வருசத்துக்கு ஒரு தடவை அடிச்சுத்தாண்ணே ஆகணும்."

ஜூஸ் கடை ஒன்றில், ஐஸ் கியூப் மெஷினுக்கு முன்னால் நின்று கேட்ட பேச்சு இது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மெக்கானிக் தான் சொன்னதை நம்பித்தான் சொன்னார். கடைக்காரரும் நம்பித்தான் பணத்தை எடுத்தார். ஐஸ் மெஷின் முதல் வீட்டு ஏசி வரை, ஒவ்வொரு கோடையிலும் ஊரெல்லாம் நடக்கிற பேச்சுதான். இந்த நம்பிக்கையில் உண்மை துளியும் இல்லை என்பது என் கட்சி.

பிழை சொல்லிலேயே தொடங்குகிறது. அடுப்புக்கும் கேஸ், மெஷினுக்கும் கேஸ். சமையல் சிலிண்டர் எரிய எரியத் தீர்வதைப் பார்த்துப் பழகியவர்கள், இதுவும் ஓட ஓடத் தீரும் என்று முடிவு கட்டிவிட்டோம். ஐஸ் மெஷினுக்குள் எதுவும் எரிவதில்லை. கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் வாயு, கண்டென்சரில் சூட்டை இறக்கிவிட்டுத் திரவமாகிறது. எவாப்பரேட்டரில் மறுபடி ஆவியாகும்போது, தட்டில் வழியும் தண்ணீரின் சூட்டை உறிஞ்சி அதை உறைய வைக்கிறது. பிறகு கம்ப்ரசருக்கே திரும்புகிறது. மூடிய குழாய்க்குள் ஒரே சரக்குதான் சுற்றி வருகிறது. அது மெஷினுக்குச் சோறு அல்ல, ரத்தம். எங்கே ஒழுகுகிறது என்று பாராமல் வருடாவருடம் ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கும் டாக்டரிடம் யாராவது திரும்பப் போவோமா?

"கார் ஏசியில் குறைகிறதே?" என்பார்கள். அங்கே ரப்பர் ஹோஸ் உண்டு, சுழலும் தண்டைச் சுற்றி சீல் உண்டு. சில ஆண்டுகளில் கொஞ்சம் கசிவது இயல்பு. ஐஸ் மெஷினிலோ மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வெல்டிங் போட்டு மூடப்பட்டவை, குழாய்கள் பற்றவைக்கப்பட்டவை. குறை இல்லாத மெஷினில், கம்பெனி ஏற்றிய கேஸ் அதன் ஆயுள் முழுவதும் போதும். குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

பல நேரங்களில் கேஸ் குறைந்திருப்பதே இல்லை. கண்டென்சரில் தெருப்புழுதி கம்பளியாகப் படிந்திருக்கும். போர்வெல் தண்ணீரின் உப்பு தட்டில் வெள்ளையாய் ஏறி, ஐஸை விழவிடாமல் பிடித்திருக்கும். அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டும் முன் ஐஸைப் பார்க்க வேண்டும். தட்டு முழுக்க ஒரே கனத்தில் உறைந்திருந்தால், அநேகமாகக் கேஸில் குறையில்லை. ஒரு முனை கெட்டியாகவும் மறு முனை முட்டை ஓடு போலவும் இருந்தால்தான் சந்தேகம் வர வேண்டும். கேஜின் ஹோஸை மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கேஸ் வெளியே போகிறது. சில நூறு கிராம் மட்டுமே கொள்ளும் மெஷினில் அது சிறு இழப்பு அல்ல.

இனி 'அடிக்கும்' முறைக்கு வருவோம். "பைப் வேர்க்குது, போதும்" என்பதே பலருக்கு அளவு. மெஷினின் பெயர்ப்பலகையில் இத்தனை கிராம் என்று அச்சடித்திருக்க, தராசு எதற்கு என்கிறார்கள். பல ஐஸ் மெஷின்களில் ஓடும் ஆர்-404ஏ மூன்று வாயுக்களின் கலவை. சிலிண்டரிலிருந்து அதைத் திரவமாக எடுக்காமல் ஆவியாக எடுத்தால் கலவையின் விகிதமே மாறிவிடும். அதோடு ஓடும் பிஓஇ ஆயில் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. வேக்கம் போட்டுக் குழாயை வெறுமையாக்காமல் ஏற்றினால் உள்ளே தங்கும் ஈரம் அமிலத்துக்கு வழிவிடும்; அமிலம் மோட்டாரின் சுருளை அரிக்கும். அப்புறம் ஒரு நாள் "கம்ப்ரசர் போச்சுண்ணே" என்ற செய்தி வரும். அதுவும் விதி என்று நம்பப்படும்.

வெளியேறிய கேஸ் எங்கே போனது? ஆர்-404ஏ ஓசோனைத் துளைப்பதில்லை. ஆனால் ஒரு கிலோ, ஏறத்தாழ 3,900 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்குகிறது. அரைக் கிலோவைக் காற்றில் விடுவது 800 லிட்டருக்கு மேல் பெட்ரோல் எரிப்பதற்குச் சமம். இவ்வகை வாயுக்களைக் குறைக்க 2016இல் உருவான கிகாலி திருத்தத்தை இந்தியா 2021இல் ஏற்றது; 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். புதிய மெஷின்களில் ஆர்-290 வருகிறது. அது புரொப்பேன், அதாவது அடுப்பு கேஸின் உடன்பிறப்பு. அதுவும் ஓட ஓடத் தீராது. ஓட்டை வழியே வந்தால் பற்றும். டாப்-அப் பழக்கத்தோடு அந்த மெஷினைத் தொடுவது உயிரோடு விளையாடுவது.

மெக்கானிக்கை மட்டும் திட்டிப் பயனில்லை. அன்று அவரும் கேட்டார்: "லீக் தேட அரை நாள் ஆகும் சார். கூலி கேட்டா, 'ஒண்ணுமே மாத்தல, எதுக்குக் காசு'ங்கறாங்க. கேஸ் அடிச்சா மட்டும் பேசாம தர்றாங்க." அவர் சொன்னது நியாயம். சிலிண்டருக்குக் காசு கொடுத்து, தேடலுக்குக் கொடுக்க மறுக்கும் நாம்தான் இந்தப் பழக்கத்தை வளர்த்தோம்.

அந்தக் கடைக்காரர் அரை நாள் கூலிக்குச் சம்மதித்தார். மெக்கானிக் நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டே வந்தார். இரண்டு செப்புக் குழாய்கள் அதிர்வில் உரசிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு குமிழி கடுகாய்த் தோன்றி, மிளகளவு பெருத்து, உடைந்தது. மறுபடி முளைத்தது. மூன்று கோடையாக ஏற்றிய கேஸ் அத்தனையும் போன வழி அதுதான். அதைப் பற்றவைத்து அடைக்கச் செலவானது விரல் நீள சில்வர் ராடு.