கீழாநெல்லியை அவமதிப்பது யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. முழுதும் படித்துவிட்டுத் திட்டுவதானால் திட்டுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு "டீச்சர் இங்கிலீஷ் மருந்துக்காரங்க பக்கம் போயிட்டாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

"மஞ்சள் காமாலைக்கு ஆங்கில மருத்துவத்தில் மருந்தே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பணத்தைக் கொட்டாதீர்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து மூன்று நாள் வெறும் வயிற்றில் குடித்தால் போதும். அனைவருக்கும் பகிரவும்." இந்தச் செய்தி வருடத்துக்கு நாலு முறையாவது எனக்கு வந்துவிடுகிறது. அனுப்புகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னிடம் படித்தவர்கள், என் தம்பி வீட்டுப் பிள்ளைகள், என் சம்பந்தி வீட்டார். எல்லோரும் நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் நல்ல எண்ணத்தோடு கொடுத்தாலும் தப்பான மருந்து தப்பான மருந்துதான்.

போன மாதம் ஒரு குழுவில் ஒரு பையன் கேட்டிருந்தான். அவன் மனைவிக்கு ஏழாவது மாதம், இரண்டு நாளாகக் கண் மஞ்சளாக இருக்கிறது, என்ன செய்யலாம் என்று. ஒரு மணி நேரத்துக்குள் பதினொரு பேர் பதில் போட்டுவிட்டார்கள். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, உப்பில்லாப் பத்தியம், எந்த ஊரில் கையில் சூடு போடுகிறார்கள் என்ற விலாசம். டாக்டரிடம் கூட்டிப் போ என்று எழுதியது ஒரே ஒரு ஆள். அந்த ஒருவர் சொன்னதை அவன் கேட்டதால் அந்தப் பெண் இன்று நலமாக இருக்கிறாள். மற்ற பத்துப் பேரும் என் மேல் கோபப்படக் கூடாது. ஆனால் நீங்கள் என்ன செய்யப் பார்த்தீர்கள் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் மாதிரி அது ஓர் அறிகுறி. நம் ரத்தத்தில் வயதான சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பிவிடும். இந்த வழியில் எங்கே கோளாறு வந்தாலும் கண்ணும் தோலும் மஞ்சளாகும். கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள், ரத்தம் மூலம் வரும் பி, சி, சாராயம், பித்தக் குழாயில் அடைத்த கல், கணையத்தில் கட்டி, எலிக் காய்ச்சல், மலேரியா, அளவுக்கு மீறிப் போட்ட பாராசிட்டமால். இவ்வளவும் வெளியே பார்க்க ஒரே மஞ்சள்தான். நோய் என்ன, அதற்குக் காரணம் என்ன என்று முதலில் பார்க்கச் சொன்னவர் நம் வள்ளுவர். கண்ணைப் பார்த்ததும் இலையை அரைக்கச் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணுக்கு வந்தது ஹெபடைடிஸ் ஈ. நமக்கு வந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகப் போய்விடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் 100 பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூன்று நாள் மோர் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கிற நேரமா அது?

"டீச்சர், எங்க அப்பாவுக்குக் கீழாநெல்லியில்தான் சரியாச்சு" என்பீர்கள். சரியாகியிருக்கும். நம் ஊரில் தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எந்த மருந்தும் இல்லாமலே சில வாரங்களில் சரியாகிவிடும். ஓய்வும் தண்ணீரும் சாப்பாடும் போதும் என்றுதான் டாக்டரும் சொல்வார். "ஆங்கில மருத்துவத்தில் மருந்தே இல்லை" என்ற பேச்சு இதிலிருந்து வந்ததுதான். தானாகப் போகிற நோய்க்கு எதைக் கொடுத்தாலும் அது மருந்து மாதிரித்தான் தெரியும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கீழாநெல்லி குடித்துச் சரியானவர் ஊரெல்லாம் சொல்வார். அதையே குடித்து, பித்தக் குழாய் அடைப்பு முற்றிப் போனவர் வாட்ஸ்அப்பில் செய்தி போட மாட்டார்.

அப்படியானால் கீழாநெல்லியில் ஒன்றுமே இல்லையா? இந்தக் கேள்வியை நம்மைவிட மரியாதையாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அதுவும் சென்னையிலேயே.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். பி. தியாகராஜனும் அவருடன் இருந்தவர்களும் கீழாநெல்லியை எடுத்து ஆராய்ந்தார்கள். ஹெபடைடிஸ் பி கிருமியை உடம்பில் சுமப்பவர்களை இரண்டு பிரிவாக வைத்தார்கள். ஒரு பிரிவுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, 30 நாள். இன்னொரு பிரிவுக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மருந்து. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு, ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. இந்த முடிவு 1988இல் லண்டனிலிருந்து வரும் லான்செட் இதழில் வெளியானது. கட்டுரை எழுதியவர்களில் ஒருவர் பாரூக் பிளம்பெர்க். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு வாங்கியவர் அவர்.

வெள்ளைக்காரன் நம் மூலிகையை மதிப்பதில்லை என்று சொல்கிறோமே, நோபல் பரிசு வாங்கியவரே நம் வேலியோரச் செடிக்காகத் தன் பெயரைப் போட்டார். மருந்து மாஃபியா மறைத்துவிட்டது என்கிறோமே, உலகத்திலேயே பெரிய மருத்துவ இதழ்களில் ஒன்று அதை அச்சிட்டது.

அதன் பிறகு நடந்ததைத்தான் நம் ஃபார்வர்டு செய்திகள் சொல்வதில்லை. ஒரு கணக்குக்கு விடை வந்தால் சரிபார் என்று வகுப்பில் சொல்வேன் அல்லவா, அதை உலகம் செய்தது. தாய்லாந்தில் இதே செடியைக் கொடுத்துப் பார்த்தார்கள், கிருமி போகவில்லை. வேறு சோதனைகளிலும் சென்னை முடிவு திரும்பக் கிடைக்கவில்லை. எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு 2011இல் வந்தது. வெற்று மருந்தைவிடக் கீழாநெல்லி இனம் பலன் தருகிறது என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை என்று அது சொன்னது. மண் மாறினால், பறித்த பருவம் மாறினால் சத்து மாறாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கும் விடை இன்னொரு சோதனையில்தான் இருக்கிறது, இன்னொரு ஃபார்வர்டில் இல்லை.

இப்போது சொல்லுங்கள், கீழாநெல்லிக்கு மரியாதை கொடுத்தது யார்? அதைப் பரீட்சை எழுத வைத்து, நல்ல மார்க் வந்தபோது உலகத்துக்கே அறிவித்து, அடுத்த பரீட்சையில் குறைந்தபோது அதையும் மறைக்காமல் எழுதியவர்களா? பரீட்சையே வேண்டாம், பாஸ் போட்டுவிடு என்கிற நாமா? பரீட்சை வைக்காமல் பாஸ் போடுவது அந்தப் பிள்ளையை மட்டம் தட்டுவதுதான்.

பரீட்சையில் தேறிய செடிகளும் உண்டு. சீனாவில் து யூயூ என்ற பெண் விஞ்ஞானி பழைய வைத்திய நூல்களைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டு நூல் ஒன்றில் ஒரு மாசிப்பத்திரி இனச் செடியைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. சூட்டில் சத்து கெடுகிறதோ என்று யோசித்து, குறைந்த சூட்டில் சாற்றைப் பிரித்தார். அதுதான் ஆர்ட்டிமிசினின். இன்று மலேரியாவுக்கு உலகம் முழுக்கக் கொடுக்கும் மருந்து. 2015இல் அவருக்கு நோபல் பரிசு. தேறியதும் அதற்கு நாட்டு மருந்து, இங்கிலீஷ் மருந்து என்ற பெயரெல்லாம் போய்விட்டது. வெறும் மருந்து என்று ஆகிவிட்டது. நான் கேட்பதெல்லாம் இந்த ஒரு வகுப்பில் எல்லோரும் உட்கார வேண்டும் என்பதுதான்.

வழக்கமாக வரும் மூன்று வாதங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"மூலிகைக்குப் பக்க விளைவே இல்லை." வேலை செய்கிற எதற்கும் விளைவு உண்டு. கொரோனா நேரத்தில் எதிர்ப்பு சக்திக்கென்று சீந்தில் கொடியைக் குடித்து, கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அவர்கள் குடித்தது சீந்திலைப் போலவே இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்றது. சரி, அப்படியே இருக்கட்டும். கடையில் பொடியாக வாங்குகிற நமக்கு எது எந்தக் கொடி என்று எப்படித் தெரியும்?

"ஆங்கில மருத்துவம் தப்பே செய்யாததா?" செய்திருக்கிறது. தாலிடோமைடு என்ற மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைந்து பிறந்தன. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களும் மருத்துவர்கள்தான். 1961இல் அந்த மாத்திரையை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். இத்தனை வருடத்தில் "நாங்கள் அனுப்பிய செய்தி தவறு, யாரும் குடிக்க வேண்டாம்" என்று ஒரு ஃபார்வர்டு உங்களுக்கு வந்திருக்கிறதா?

"ஆஸ்பத்திரி கொள்ளையடிக்கிறது." பல இடங்களில் உண்மை. அதற்குச் சண்டை போடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் பில் அதிகம் என்பதால் பிலிருபின் பொய்யாகிவிடாது. அரசு மருத்துவமனை இருக்கிறது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் சோதனையும் மருந்தும் இலவசமாகக் கொடுக்கும் தேசியத் திட்டம் 2018இல் தொடங்கிவிட்டது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் இலவசம். பின்னாளில் வரக்கூடிய கல்லீரல் புற்றுநோயைக் கூடத் தடுக்கும் ஊசி அது. அதற்கு வழி போட்டவரும் அதே பிளம்பெர்க்தான். கீழாநெல்லியையும் சோதித்தார், தடுப்பூசிக்கும் உழைத்தார். அவருக்கு இரண்டும் சண்டைக்காரர்களாகத் தெரியவில்லை.

சித்த மருத்துவர்கள் மேல் எனக்கு விரோதம் இல்லை. ஐந்தரை வருடம் படித்துப் பட்டம் வாங்கி, அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் மருத்துவரிடம் கண் மஞ்சளோடு போய்ப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவர் முதலில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் சீட்டு எழுதுகிறார். என் கோபம் முகம் தெரியாமல் மருந்து எழுதும் செய்திகள் மேல். சர்க்கரை, புற்றுநோய் போன்ற நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று இந்த நாட்டில் 1954லேயே சட்டம் வந்துவிட்டது. விளம்பரக்காரன் காசு கொடுத்துச் செய்ய முடியாததை நாம் இலவசமாகச் செய்து கொடுக்கிறோம்.

கடைசியாக, மனப்பாடம் செய்ய வேண்டிய பகுதி.

கண் மஞ்சளானால் அன்றைக்கோ மறுநாளோ ரத்தப் பரிசோதனை. கர்ப்பிணி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போடாதீர்கள். தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம், ரத்தக் கசிவு, நிற்காத வாந்தி இருந்தால் நேரே பெரிய ஆஸ்பத்திரி. குளிர் காய்ச்சலோடு வயிற்று வலி வந்தாலும், மலம் வெளுத்து உடம்பு அரித்தாலும் பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். பிறந்த முதல் நாளிலேயே குழந்தை மஞ்சளானால் வெயிலில் காட்டிக்கொண்டு இருக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஒரு வைத்தியக் குறிப்பை அனுப்பும் முன் இரண்டே கேள்வி. எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? கொடுக்காதவர்களுக்கு என்ன ஆயிற்று? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அதை உங்கள் போனோடு நிறுத்திவிடுங்கள்.

கருத்து வேறுபாடு இருந்தால் கீழே எழுதுங்கள். கை தூக்கிக் கேள்வி கேட்டவரை நான் என்றைக்கும் உட்காரச் சொன்னதில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்